கண்ணியத்திற்குரிய காயிதெ மில்லத்: தோற்ற பின்னும் விலகாத தலைமை

(ஜமாஅத்தின் வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஏக இறைவனாகிய அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும் உரித்தாகுக. அவனுடைய இறுதித் தூதர் அண்ணல் முஹம்மத் முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவதாக.

 

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கும் உங்கள் முன் வைக்கப்பட்டு, ஒப்புதல் பெற்றது. அடுத்து, தலைமைத்துவம் என்னும் பொருளில் சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். தலைமைக்கு இலக்கணம் கூறும் நூல்கள் பல உண்டு. எனினும் இலக்கணத்தைக் காட்டிலும் ஒரு மனிதரின் வாழ்வு நெஞ்சில் ஆழப் பதியும். ஆகவே தமிழகத்தின் அரசியலில் அரை நூற்றாண்டுக் காலம் கறைபடாமல் நின்ற மர்ஹூம் காயிதெ மில்லத் முஹம்மத் இஸ்மாயில் சாஹிப் அவர்களின் வாழ்வை இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், வியாழக்கிழமை இரவுகளில் மாணவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி நடைபெறும். ஒருமுறை நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு காயிதெ மில்லத். அவர் வகித்த பதவிகளையும், வென்ற தேர்தல்களையும் மனப்பாடம் செய்து, மூச்சு விடாமல் ஒப்பித்து முடித்தோம். மாணவர்கள் பாராட்டினார்கள். உஸ்தாத் அவர்கள் மட்டும் பாராட்டவில்லை. "அவர் வென்றதையெல்லாம் சொல்லிவிட்டீர். தோற்றதை ஏன் விட்டுவிட்டீர்? அவரிடம் நாம் படிக்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது" என்று கூறி அமர்த்திவிட்டார்கள். அன்று அது நமக்கு வருத்தமாக இருந்தது. அதன் பொருள் விளங்க இத்தனை ஆண்டுகள் ஆயின. உஸ்தாத் அன்று கேட்ட பாடத்தை இன்று உங்கள் முன் ஒப்புவிக்க முயல்கின்றோம்.

பேட்டையில் பிறந்த பிள்ளை

1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் இஸ்மாயில் சாஹிப் பிறந்தார். தந்தையார் மௌலவி மியாகான் ராவுத்தர் மார்க்கக் கல்வி கற்றவர். பிள்ளை சிறுவனாக இருந்தபோதே தந்தை மறைந்துவிட்டார். அரபியையும் மார்க்க அறிவையும் ஊட்டி வளர்த்தவர் தாயார். திரைக்கு அப்பால் இருக்கும் தாய்மார்கள் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பின்னாளில் இந்திய முஸ்லிம்களின் தலைவர் என்று நாடு அழைத்த ஒருவருக்கு முதல் மதரஸாவாக அமைந்தது ஒரு கைம்பெண்ணின் வீடு.

1909ஆம் ஆண்டில், தம் பதின்மூன்றாம் வயதில், பேட்டையில் முஸ்லிம் இளைஞர்களுக்கென ஒரு சங்கத்தை அவர் தொடங்கினார். பொதுப்பணி அவரிடம் பதவியோடு வந்ததன்று. பிள்ளைப் பருவத்திலேயே வந்தது. திருநெல்வேலியிலும் திருச்சியிலும் சென்னையிலும் கல்லூரிக் கல்வி பயின்றார். 1920ஆம் ஆண்டில், பி.ஏ. தேர்வு நெருங்கிய வேளையில், ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியது. காந்தியடிகளும் கிலாஃபத் தலைவர்களும் விடுத்த அழைப்பை ஏற்றுத் தேர்வைத் துறந்தார். பட்டம் என்பது அக்காலத்தில் அரசுப் பணிக்குக் கதவு. அக்கதவைத் தம் கையாலேயே சாத்திக்கொண்டார். பின்னர்த் தோல் வணிகத்தில் ஈடுபட்டுச் சென்னையில் வணிகர்களிடையே நன்மதிப்புப் பெற்றார். 1923ஆம் ஆண்டில் திருமணம் நடைபெற்றது. முப்பதுகளின் பிற்பகுதியில் முஸ்லிம் லீகில் தீவிரமாகப் பணியாற்றத் தொடங்கி, நாற்பதுகளில் சென்னை மாகாண லீகின் தலைவரானார்.

எதிர்க்கட்சித் தலைவர்

1946ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டப்பேரவைக்குத் தேர்தல் நடந்தது. அன்றைய மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டுமன்று. ஆந்திரமும், மலபாரும், தென் கன்னடமும் அதனுள் அடங்கியிருந்தன. 215 உறுப்பினர்களைக் கொண்ட அப்பேரவையில் காங்கிரஸ் பெரும்பான்மை பெற்று ஆட்சி அமைத்தது. முஸ்லிம் லீக் 28 உறுப்பினர்களுடன் இரண்டாவது பெரிய கட்சியாக வந்தது. இஸ்மாயில் சாஹிப் எதிர்க்கட்சித் தலைவரானார். 1952 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அந்த ஆறு ஆண்டுகளில் பிரகாசம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா என மூன்று முதலமைச்சர்கள் மாறினார்கள். எதிர்வரிசையின் முதல் இருக்கை மாறவில்லை. ஆனால் அந்த இருக்கையைச் சுற்றி உலகமே மாறிப்போயிற்று. 1946இல் அவர் அந்த இருக்கையில் அமர்ந்தபோது நாடு ஒன்றாக இருந்தது. ஓராண்டு கழித்து அது இரண்டாயிற்று.

கலைத்துவிடச் சொன்ன காலம்

நம்மில் இளையவர்கள் அக்காலத்தின் கடுமையை எண்ணிப் பார்ப்பது அரிது. பிரிவினையின் இரத்தம் காயவில்லை. லீகின் பெருந்தலைவர்கள் பலர் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டனர். இங்கே தங்கியவர்கள் மீது ஐயப் பார்வை விழுந்தது. 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீகின் கவுன்சில், கட்சியை இரண்டாகப் பிரித்தது. பாகிஸ்தான் பகுதிக்கு லியாகத் அலி கானும், இந்தியப் பகுதிக்கு நம் இஸ்மாயில் சாஹிபும் அமைப்பாளர்களாக நியமிக்கப்பட்டனர்.

அதே மாதத்தில் லக்னோவில் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் கூட்டிய மாநாடு, முஸ்லிம்கள் தமக்கெனத் தனி அரசியல் கட்சி வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அறிவுரை கூறியது. ஆஸாத் அவர்கள் மாபெரும் ஆலிம். நாட்டின் விடுதலைக்காகச் சிறை சென்றவர். அவருடைய சொல்லில் நியாயம் இல்லை என்று எவரும் கூற முடியாது. பல மாகாணங்களில் லீக் கலைந்தது. நேற்று வரை உடன் நின்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

1948 மார்ச் 10ஆம் நாள், சென்னை அரசினர் தோட்டத்தில், பின்னாளில் ராஜாஜி மண்டபம் எனப் பெயர் பெற்ற கட்டடத்தில் ஒரு கூட்டம் கூடியது. கலைப்பதா, தொடர்வதா என்பதே கேள்வி. தொடர்வது என்று முடிவாயிற்று. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. இஸ்மாயில் சாஹிப் அதன் தலைவரானார். மறையும் நாள் வரை அவரே தலைவர்.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகின்றோம். நாம் எக்கட்சிக்கும் ஆதரவு திரட்ட இங்கு நிற்கவில்லை. இந்தப் பள்ளிவாசலின் மிஹ்ராப் எக்கட்சிக்கும் உரியதன்று. ஆஸாத் சொன்னது சரியா, இஸ்மாயில் சாஹிப் செய்தது சரியா என்று தீர்ப்புக் கூறுவதும் நம் நோக்கமன்று. கூட்டம் கலைந்து, தோழர்கள் குறைந்து, ஆட்சியின் முகம் சுளித்த வேளையிலும் ஒருவர் தம் கருத்தை மறைக்காமல் சட்டத்தின் வழியில் நின்றார் என்பதையே எடுத்துக்காட்டுகின்றோம்.

மூன்று திருத்தங்கள், மூன்று தோல்விகள்

சகோதரர்களே! உஸ்தாத் கேட்ட கேள்விக்கான விடை இங்கேதான் தொடங்குகின்றது. இந்திய அரசியலமைப்புச் சட்டத்தை இயற்றிய அரசியல் நிர்ணய சபையில் இஸ்மாயில் சாஹிப் உறுப்பினராக இருந்தார். வரைவின் ஒவ்வொரு விதியும் அச்சபையின் முன் வைக்கப்படும். மாற்றம் வேண்டும் என்று கருதும் உறுப்பினர் எழுத்து மூலம் திருத்தம் கொடுத்து, சபையில் எழுந்து காரணம் கூற வேண்டும். மற்றவர்கள் ஆதரித்தும் எதிர்த்தும் பேசுவார்கள். முடிவில் சபையின் முடிவு கேட்கப்படும். பெரும்பான்மை எங்கே நிற்கும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

1948 நவம்பர் 23ஆம் நாள், நாடு முழுமைக்கும் ஒரே உரிமையியல் சட்டம் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்னும் விதி விவாதத்திற்கு வந்தது. இன்று 44ஆம் பிரிவு எனப்படுவது அதுவே. தமக்கெனத் தனிச்சட்டம் உடைய எந்தச் சமூகமும் அதனைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்னும் திருத்தத்தை இஸ்மாயில் சாஹிப் முன்மொழிந்தார். முஸ்லிம்களுக்கு மட்டும் என்று அவர் கேட்கவில்லை. எந்தப் பிரிவினருக்கும், எந்தச் சமூகத்தினருக்கும் என்று கேட்டார். மலபாரைச் சேர்ந்த போக்கர் சாஹிபும் மற்றும் சிலரும் அதே நோக்கில் பேசினார்கள். முன்ஷியும், நம் சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் எதிர்த்துப் பேசினார்கள். டாக்டர் அம்பேத்கர் பதிலளிக்கையில், இவ்விதி அரசு முயல வேண்டும் என்று மட்டுமே கூறுகின்றது என்றும், எதிர்கால நாடாளுமன்றம் விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் அச்சட்டம் பொருந்துமாறு தொடங்கவும் இடமுண்டு என்றும் விளக்கினார். திருத்தம் தோற்றது.

1949 மே மாதம் 25, 26 ஆகிய நாட்களில் சிறுபான்மையினருக்கான சட்டமன்ற இட ஒதுக்கீட்டை நீக்கும் பிரேரணை வந்தது. ஒதுக்கீடும் தனித்தொகுதி முறையும் தொடர வேண்டும் என்று இஸ்மாயில் சாஹிப் திருத்தம் கொடுத்தார். இம்முறை எதிர்ப்பு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. பேகம் அய்ஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே அவருக்கு எதிராகப் பேசினார்கள். சர்தார் பட்டேல் மிகக் கடுமையாகப் பதிலுரைத்தார். பிரிவினையின் நினைவு பசுமையாக இருந்த அச்சபையில், தனித்தொகுதி என்னும் சொல்லை உச்சரிப்பதற்கே துணிவு வேண்டும். அந்தக் கோரிக்கை நாட்டுக்கு ஏற்றதன்று என்று இன்று கருதுவோர் பலர் உண்டு. அவ்வாறு கருதுவது அவர்கள் உரிமை. திருத்தம் தோற்றது.

1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் வந்தது. காந்தியடிகள் விரும்பியவாறு இரு எழுத்துகளிலும் எழுதப்படும் ஹிந்துஸ்தானி வேண்டும் என்று அவர் வாதிட்டார். தொன்மையே அளவுகோல் என்றால், அந்தத் தகுதி தம் தாய்மொழியாகிய தமிழுக்கே உண்டு என்பதையும் அச்சபையில் எடுத்துரைத்தார். தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவர் தம் மார்க்கத்தையும் தம் மொழியையும் ஒன்றுக்கொன்று பகையாகக் காணவில்லை என்பதற்கு அந்த உரை சான்று. தேவநாகரி எழுத்தில் ஹிந்தி என்று சபை முடிவு செய்தது. அதிலும் அவர் பக்கம் தோற்றது.

தோற்றவர் என்ன செய்தார்?

மூன்று பெரும் வினாக்கள், மூன்றிலும் தோல்வி. அதன் பிறகு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். சபை தம் சொல்லைக் கேட்கவில்லை என்று கூறி அவர் சபையை விட்டு விலகிவிடவில்லை. தம்மைக் கேட்காமல் எழுதப்பட்ட சட்டம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்று வாதிடவும் இல்லை. எந்தச் சட்டத்தின் விதிகளில் தாம் தோற்றாரோ, அதே சட்டத்தின் கீழ் பிரமாணம் எடுத்து 1952 முதல் 1958 வரை மாநிலங்களவை உறுப்பினராகப் பணியாற்றினார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது.

மஞ்சேரி மக்களின் மொழி மலையாளம். இவரோ நெல்லைத் தமிழர். வாக்குக் கேட்டு அவர் தெருத்தெருவாக அலைந்ததில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. மொழியும் ஊரும் வேறான ஒருவரை மூன்று முறை தேர்ந்தெடுக்க மக்களைத் தூண்டியது எது? நம்பிக்கை. இவர் நம்மை விற்றுவிட மாட்டார், நம் பெயரைச் சொல்லித் தமக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார் என்னும் நம்பிக்கை.

1962ஆம் ஆண்டில் சீனாவுடன் போர் மூண்டது. அவ்வேளையில் தம் ஒரே மகனை நாட்டின் பாதுகாப்புக்காக இராணுவத்திற்கு அனுப்ப ஆயத்தமாக இருப்பதாகப் பிரதமர் நேருவுக்கு அவர் தெரிவித்ததை அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். அதே ஆண்டில்தான் அவர் தம் துணைவியாரையும் இழந்தார். எந்த நாட்டின் சபையில் தம் கோரிக்கை தோற்றதோ, அந்த நாட்டுக்குத் தம் மகனைக் கொடுக்க முன்வந்தார். தேசப்பற்றை ஐயுற்றவர்களுக்கு அவர் மேடையில் பதில் கூறவில்லை. இவ்வாறு பதில் கூறினார்.

காலம் சுழன்றது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில், ஒரு காலத்தில் நம் சேலம் நகராட்சியின் தலைவராக இருந்த ராஜாஜி, அறிஞர் அண்ணா, காயிதெ மில்லத் ஆகிய மூவரும் ஒரே அணியில் நின்றார்கள். தமிழகத்தில் ஆட்சி மாறியது. அதே ஆண்டில் கேரளத்தில் அமைந்த அமைச்சரவையில் முஸ்லிம் லீகைச் சேர்ந்த சி.எச். முஹம்மத் கோயா கல்வி அமைச்சரானார். கலைத்துவிடுங்கள் என்று 1948இல் அறிவுரை கூறப்பட்ட அமைப்பு, பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு மாநிலத்தின் பிள்ளைகளுடைய கல்விக்குப் பொறுப்பேற்றது. தோற்ற அன்றே அவர் விலகியிருந்தால் இந்த நாளைக் கண்டிருக்க மாட்டார்.

அமானத்

பதவியில் இருந்தவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சித் தலைவராகவும், ஈரவைகளிலும் உறுப்பினராகவும், ஓர் அகில இந்தியக் கட்சியின் தலைவராகவும் இருந்தவர், குரோம்பேட்டையில் எளிய முறையில் வாழ்ந்தார். அங்கிருந்து மின்சார ரயிலில் மக்களோடு மக்களாகச் சென்னை நகருக்கு வந்து போவார் என்று அவரைக் கண்ட பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவர் பெயரால் சொத்துத் தகராறு நீதிமன்றம் ஏறியதாக எவரும் கேட்டதில்லை. 1972 ஏப்ரலில் அவர் சென்னையில் மறைந்தபோது கட்சி பேதமின்றித் தலைவர்கள் திரண்டு வந்தார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலின் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் பெயரில் சென்னை அண்ணா சாலையில் 1974இல் அரசு மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது. அவர் பிறந்த நூற்றாண்டான 1996இல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. தாயிடம் ஓதிய பிள்ளையின் பெயரில் பெண்மக்கள் படிக்கும் கல்லூரி அமைந்தது மிகப் பொருத்தம்.

பொறுப்பு என்பது அமானத். அதனைப் பெற்றவர் கணக்குக் கொடுக்க வேண்டும். நம் பொருளாளர் இன்று கணக்கு வாசித்தபோது, சில்லறைத் தொகையைக் கூட விடாமல் வாசித்தார். சிலர் புன்னகைத்தார்கள். புன்னகைக்க வேண்டியதில்லை. அந்தச் சில்லறையில்தான் அமானத் இருக்கின்றது.

உஹதுக்குப் புறப்பட்ட நாள்

தோற்ற பின் விலகாமல் நிற்பது இஸ்மாயில் சாஹிப் புதிதாகக் கண்ட வழியன்று. அது நபிவழி. ஹிஜ்ரி மூன்றாம் ஆண்டில் மக்காவின் படை மதீனாவை நோக்கி வந்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களைக் கூட்டி ஆலோசனை கேட்டார்கள். ஊருக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது நபியவர்களின் எண்ணம். பத்ரில் கலந்துகொள்ளும் வாய்ப்பை இழந்திருந்த இளைஞர்களும் மற்றும் பலரும் வெளியே சென்று போரிட விழைந்தார்கள். நபியவர்கள் தம் எண்ணத்தை விட்டு, கவசம் அணிந்து வெளியே வந்தார்கள். வற்புறுத்தியவர்கள் வருந்தி, தங்கள் விருப்பப்படியே செய்யுங்கள் என்று கூறியபோதும், எடுத்த முடிவிலிருந்து பின்வாங்கவில்லை.

ஏறத்தாழ ஆயிரம் பேர் புறப்பட்டார்கள். வழியில் அப்துல்லாஹ் பின் உபை சுமார் முந்நூறு பேருடன் திரும்பிவிட்டான். என் ஆலோசனையைக் கேட்கவில்லை, இளைஞர்களின் சொல்லைக் கேட்டுவிட்டார் என்பது அவன் கூறிய காரணம். இங்கே சிந்திக்க வேண்டும். ஊருக்குள் இருக்க வேண்டும் என்பதே அவனுடைய கருத்து. அதுவே நபியவர்களின் கருத்தும். கருத்து ஒன்றுதான். அது ஏற்கப்படாதபோது ஒருவர் கவசம் அணிந்து முன்னே நடந்தார்கள். மற்றவன் திரும்பி நடந்தான்.

அன்று எழுபது பேர் ஷஹீதானார்கள். ஆலோசனையால் வந்த விளைவு இது, இனி எவரையும் கேட்க வேண்டாம் என்று வஹீ இறங்கவில்லை. மாறாக, அவர்களை மன்னிக்குமாறும், அவர்களுக்காகப் பிழைபொறுக்கத் தேடுமாறும், காரியங்களில் அவர்களுடன் கலந்தாலோசிக்குமாறும் ஆலஇம்ரான் அத்தியாயத்தில் அல்லாஹ் தன் தூதருக்குப் பணித்தான். உஹதின் காயம் ஆறுவதற்கு முன்னரே மஷூரா உறுதி செய்யப்பட்டது.

நம் ஜமாஅத்தின் நிலை

சகோதரர்களே! இனி நம் வெள்ளக்கடைக்கு வருவோம். நாம் சிறிய ஜமாஅத். காப்பித் தோட்டங்களில் வேலை செய்வோரும், மிளகும் பழமும் வாங்கி விற்போரும், கடை வைத்திருப்போரும், வண்டி ஓட்டுவோரும் சேர்ந்ததே நம் கூட்டம். சேர்வராயன் மலையின் மலையாளி மக்களும் பிற சமயத்தாரும் நம்மைச் சூழ வாழ்கின்றார்கள். நம் ஜனாஸாவுக்கு வந்து தோள் கொடுக்கின்றார்கள். அவ்வளவு சிறிய நம் ஸஃப்பில் சில மாதங்களாக இடைவெளி விழுந்திருக்கின்றது. சென்ற ஆண்டு இந்தக் கூட்டத்தில் நம்முடன் அமர்ந்திருந்த சில குடும்பத்தார் இன்று இல்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். சேமித்து வைத்த தொகை ஒன்று இருந்தது. மழையில் சரிந்த கபரஸ்தான் சுவரைக் கட்டுவதா, பிள்ளைகள் ஓதும் மக்தபுக்கு இன்னோர் அறை எழுப்புவதா என்று பொதுக்கூட்டத்தில் பேச்சு எழுந்தது. இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. பெரும்பான்மையோர் சுவர் என்றார்கள். அறை வேண்டும் என்றவர்களில் சிலர் மனம் வருந்திச் சந்தாவை நிறுத்தினார்கள். ஜும்ஆவுக்கு ஏற்காடு செல்லத் தொடங்கினார்கள்.

அவர்களைக் குறை கூறவே இமாம் இவ்வளவு நேரம் பேசினார் என்று எவரும் எண்ண வேண்டாம். நயவஞ்சகன் ஒருவனின் பெயரைச் சற்று முன் கூறினோம். நம் சகோதரர் எவரையும் அவனோடு ஒப்பிட அல்லாஹ் நமக்கு அனுமதி தரவில்லை. உள்ளத்தை அறிபவன் அவன் ஒருவனே. அந்த வரலாற்றை நாம் ஓதியது முதலில் நமக்காகவே.

ஏனெனில், மக்தப் அறை வேண்டும் என்று அன்று பேசியவர்களில் நாமும் ஒருவர். பிள்ளைகள் நெருக்கி அமர்ந்து ஓதுவதை அன்றாடம் காண்பவர் நாம். நம் சொல் தோற்றபோது நெஞ்சு கசந்தது உண்மை. நாம் ஊரை விட்டுச் செல்லவில்லை; தொழுகையை நிறுத்தவில்லை. ஆனால் கபரஸ்தான் சுவருக்காக ஜும்ஆவில் அறிவிப்புச் செய்யுமாறு நிர்வாகத்தார் கேட்டபோது, இரண்டு வாரங்கள் மறந்ததுபோல் இருந்துவிட்டோம். சுவர் வேலை தொடங்கிய நாளில் துஆ ஓத அழைத்தார்கள். உடல்நலம் இல்லை என்று கூறி அனுப்பினோம். உடலுக்கு ஒரு குறையும் இல்லை. விலகிச் சென்றவர்கள் கால்களால் விலகினார்கள். நாம் மிம்பரில் நின்றுகொண்டே விலகினோம். அவர்களுக்குத் துணிவு வந்ததில் நம் மௌனத்திற்கும் பங்கு உண்டு என்று அஞ்சுகின்றோம். இதனை அல்லாஹ்விடம் முறையிட்டுவிட்டோம். உங்களிடமும், நிர்வாகத்தாரிடமும் இன்று மன்னிப்புக் கோருகின்றோம்.

இதற்கு நேர் மறுபுறத்தில் இன்னொரு கடமையும் உண்டு. வென்றவர்கள் தோற்றவர்களின் சொல்லைத் தூக்கி எறிந்துவிடலாகாது. அரசியல் நிர்ணய சபையில் தோற்ற ஒவ்வொரு திருத்தமும், அதனை முன்மொழிந்தவர் கூறிய காரணங்களோடு, நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகி இன்றும் இருக்கின்றது. எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் அதனைப் படித்து, அவர் அன்று என்ன சொன்னார் என்று நாம் அறிகின்றோம். தோற்றவரின் சொல்லைப் பேணுவதும் சபையின் கண்ணியம். நம் கூட்டக் குறிப்பேட்டில் "சுவர் கட்டத் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒற்றை வரியே உள்ளது. அறை கேட்டவர்கள் என்ன காரணம் கூறினார்கள் என்பது எழுதப்படவில்லை. தங்கள் சொல் எங்கும் பதியவில்லை என்று உணர்ந்தவர்கள் எவ்வாறு மீண்டும் வந்து அமர்வார்கள்?

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று, இனிமேல் பொதுக்கூட்டத்தில் ஏற்கப்படாத கருத்தையும், அதற்குக் கூறப்பட்ட காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டும். இரண்டு, சுவர் முடிந்த பின் மிஞ்சும் தொகையையும், அடுத்த காப்பி அறுவடைக்குப் பின் சேரும் தொகையையும் மக்தப் அறைக்கென்று தனிக்கணக்கில் வைப்பது பற்றிக் கலந்தாலோசிக்க வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் முடிவு. மறுத்தால், இம்முறை மறக்காமல் அறிவிப்புச் செய்வோம்.

வராத சகோதரர்களின் இல்லங்களுக்கு இன்று இஷா தொழுகைக்குப் பின் நாமே செல்கின்றோம். அவர்களைக் கண்டித்து அழைக்கச் செல்லவில்லை. நீங்கள் கேட்டதையே நாமும் கேட்டோம், நாமும் தோற்றோம், வாருங்கள், ஒரே ஸஃப்பில் நின்று மீண்டும் கேட்போம் என்று கூறவே செல்கின்றோம். வர விரும்புவோர் ஒருவர் இருவர் உடன் வரலாம். கூட்டமாக வர வேண்டாம். அது அவர்களைச் சங்கடப்படுத்தும்.

வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் துயிலும் அந்தப் பெருமகனாரின் கப்ரை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. அவருடைய பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்றுக்கொள்வானாக. நம் கருத்து ஏற்கப்படும்போது பெருமையிலிருந்தும், மறுக்கப்படும்போது கசப்பிலிருந்தும் நம் உள்ளங்களைக் காப்பானாக. நம் ஸஃப்பில் விழுந்த இடைவெளியை அடைத்து, இந்த மலையில் வாழும் அனைவருக்கும் நன்மை செய்யும் ஜமாஅத்தாக நம்மை ஆக்குவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.